பாடந்தோறும் ஆங்கிலம்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்துள்ளனர். ஆங்கிலம் வேண்டுமா, வேண்டாவா என்னும் வழக்கை நான் இங்கு எடுக்கப் போவதில்லை. நம் முன்னோர் அதை என்றோ தீர்த்துவைத்துச் சென்றனர். சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கருக்குப் பள்ளியிலே அம்மொழி மறுக்கப்பட்டது. அவர் பாரசீகம் படிக்க நேர்ந்தது. ஆங்கிலம் மட்டும் அவருக்குத் தடைப்படவில்லை. 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அந்நூலில் உள்ளது கடைவீதியில் பேசும் ஆங்கிலமன்று, பொருளாதாரத்தின் ஆங்கிலம். இந்த வேறுபாட்டைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

நம் வட்டாரத்துப் பிள்ளை ஒருவனுடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஓர் அருந்ததியர் வீடு. வீட்டிலே தெலுங்கு. தெருவிலே தமிழ். தந்தை வேலை செய்யும் தோல் ஷாப்பிலே காதில் விழுவது உருது. 2012-13ஆம் கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியபின், அவன் கையிலுள்ள பாடநூலோ ஆங்கிலம். இதைக் குழப்பம் என்பார் உளர். நான் அதைச் செல்வம் என்பேன். நான்கு மொழிகளுக்கிடையே நாள்தோறும் போய்வரும் பிள்ளைக்கு மொழியறிவு குறைவு என்று எவரும் சொல்ல ஒண்ணாது.

அப்படியாயின் அவன் ஏன் அறிவியல் தேர்வில் விழுகிறான்?

நான் பணியாற்றிய காலத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். திண்மநிலையில் மின்சாரத்தைக் கடத்தாத உப்பு, நீரில் கரைந்தபின் கடத்துகிறது. இதற்கு 'அக்கவுண்ட் ஃபார்' என்று வினாத்தாளில் கேட்டிருந்தது. காரணம் கூறுக என்பது பொருள். என் மாணவன் ஒருவனுக்கு அக்கவுண்ட் என்றால் வங்கிக் கணக்கு. வினாவையே திரும்ப எழுதிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். நான் சுழி இட்டேன். மறுநாள் அவனை அழைத்துத் தமிழிலே கேட்டேன். அயனிகள் திண்மத்தில் கட்டுண்டு கிடக்கின்றன, நீரில் விடுபட்டு நகர்கின்றன என்று தடையின்றிச் சொன்னான்! அந்தச் சுழி உண்மையில் யாருக்கு உரியது என்பதில் எனக்கு இன்றளவும் ஐயமுண்டு. வேதியியல் எனக்குரியது, ஆங்கிலம் அடுத்த அறை ஆசிரியருக்குரியது என்று அந்நாளில் இருந்தவன் நான்.

கனடா நாட்டில் ஜிம் கம்மின்ஸ் என்னும் அறிஞர் 1979இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். புதுமொழி ஒன்றில் நாட்பேச்சுப் பேசப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள் போதும்; பாடங்களைப் பயிலும் மொழி கைவர ஐந்து முதல் ஏழாண்டுகள் வரை ஆகலாம் என்றார். அதற்குமுன்பே, 1975இல், இங்கிலாந்தின் புல்லக் குழு, எந்தப் பாடத்தைக் கற்பிப்பவரும் மொழியையும் கற்பிக்கக் கடமைப்பட்டவரே என்னும் கருத்தை வலியுறுத்தியது. நம் நாட்டிலும் 2014ஆம் ஆண்டின் விதிகளுக்குப்பின் பி.எட். படிப்பில் இதற்கெனத் தனித்தாளே உண்டு. தாளை எழுதித் தேறியவர்கள் வகுப்பில் அதை நினைவிற் கொள்கிறார்களா என்பது வேறு செய்தி.

நிற்க. நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பச்சைத்தோலை ஊறவைப்பதும் சுண்ணாம்பில் இடுவதும் நம் வீடுகளில் அறியாதார் இல்லை. குரோம் இடுவதற்குமுன் அமிலமும் உப்பும் சேர்த்துப் பிக்கிள் செய்யாவிடில், குரோம் தோலின் உள்ளே இறங்காமல் மேலேயே பிடித்துக்கொள்ளும். டிரம்மைச் சுற்றிப் பழகிய தந்தைக்கு இது தெரியும். நூறு கிலோ தோலுக்கு எத்தனை கிலோ குரோம் என்பதும் தெரியும். அமிலம், காரம், விழுக்காடு ஆகிய மூன்றும் அடங்கிய பாடமல்லவா இது! பிள்ளை இதைத் தந்தையிடம் தெலுங்கிலோ தமிழிலோ கேட்டறியட்டும். பின்பு தமிழில் எழுதட்டும். அதன்பின் வேதியியல் ஆசிரியர் துணையோடு ஆங்கிலத்தில் எழுதட்டும்.

அப்போது ஒன்று புலப்படும். 'என் தந்தை தோலை ஊறவைக்கிறார்' என்று பிள்ளை எழுதினால், பாடநூல் 'தோல்கள் ஊறவைக்கப்படுகின்றன' என்று எழுதும். வேலை இருக்கிறது, வேலை செய்தவர் இல்லை. அறிவியல் ஆங்கிலத்தின் வழக்கம் அது. ஆளை மறைக்கும் வாக்கியத்தையும் ஆளைக் காட்டும் வாக்கியத்தையும் நம் பிள்ளைகள் இரண்டையும் கற்க வேண்டும்.

சொற்களும் அவ்வாறே பாடத்திற்குப் பாடம் வேடம் மாறுகின்றன. 'பேஸ்' என்பது வடிவியலில் அடிப்பக்கம், வேதியியலில் காரம். 'புராடக்ட்' என்பது கணக்கில் பெருக்கற்பலன். ஷூ கம்பெனியில் விற்பனைப் பண்டம். 'ஹைட்' என்பதற்கு மறைத்தல் என்றும் பொருள், மாட்டுத்தோல் என்றும் பொருள். இவற்றை ஆங்கில ஆசிரியர் ஒருவரே சொல்லித் தீராது.

இது மதிப்பெண்ணோடு முடியும் செய்தியன்று. பாலாற்றையும் நம் கிணறுகளையும் தோல் கழிவுநீர் கெடுத்தது குறித்து 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டிய தீர்ப்பு அது. நாடெங்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. எழுதப்பட்டதோ ஆங்கிலத்தில். அக்கழிவுநீரில் கால் நனைத்து வேலை செய்தவர்களும் அந்தக் கிணற்றுநீரைக் குடித்தவர்களும் தங்களைப் பற்றிய தீர்ப்பைப் பிறர் வாய்வழியே கேட்க வேண்டியிருந்தது. 'அன்லெஸ்' என்னும் ஒரு சொல் ஒரு வாக்கியத்தில் எதைக் கொடுத்து எதை நிறுத்திவைக்கிறது என்று படித்தறியும் இளைஞர் தெருவுக்கு ஒருவராவது வேண்டும்.

ஆங்கிலத்திற்குத்தானே பணம் கட்டுகிறோம், அங்கே எதற்குத் தமிழ் என்று கேட்கும் பெற்றோர் உண்டு. தமிழ் பேசினால் தண்டம் விதிக்கும் பள்ளிகளும் உண்டு. பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்த ஆங்கிலம், வினா சற்றே மாறினாலும் கைவிட்டுவிடும். தெரிந்த மொழியில் கருத்தைப் பிடித்தவனே புதுமொழியில் அதைச் சொல்லத் துணிவான். அவன் பிழையாகச் சொன்னால் சிரிக்கும் வழக்கத்தை நம் மாலை வகுப்பில் அறவே ஒழிக்க வேண்டும். சிரிப்புக்கு அஞ்சி வாய் மூடிய பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

சங்கத்தின் மாலை வகுப்பில் கணக்குச் சொல்லித்தரும் தம்பிகளுக்கும் அறிவியல் சொல்லித்தரும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாள்தோறும் பத்து நிமிடம் உங்கள் பாடத்தின் ஆங்கிலத்திற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு தனிக் குறிப்பேடு வைக்கட்டும்: சொல், அதன் தமிழ், வீட்டுமொழியில் அதற்குரிய பேச்சு, பாடத்தில் அது வரும் வாக்கியம். 'டிஃபைன்' என்றால் எவ்வளவு எழுதுவது, 'டிஸ்டிங்குவிஷ்' என்றால் எப்படி எழுதுவது, 'ஜஸ்டிஃபை' என்றால் எதைக் காட்டுவது என்று பழக்குங்கள்.

வரும் ஞாயிறு மாலை நானும் வருகிறேன். பழைய பத்தாம் வகுப்பு வினாத்தாள்கள் வீட்டிலிருந்தால் கொண்டுவாருங்கள். அன்று விடை எதுவும் எழுத வேண்டா. வினாக்களை மட்டும் உரக்கப் படிப்போம்.