மீகாங் நதியில் நாகராஜா நெருப்பு

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



சென்ற வகுப்பு முடிந்து கலைகிற நேரத்தில் சில தோழர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். செல்போனில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கோ ஒரு பெரிய ஆறு. பௌர்ணமி இரவு. தண்ணீருக்குள்ளிருந்து சிவப்பு நிறத்தில் நெருப்பு உருண்டைகள் கிளம்பி, மேலே போய் மறைகின்றன. கரையெல்லாம் ஜனங்கள் நின்று ஆரவாரம் செய்கிறார்கள். "இது நிஜமா, புரட்டா? பாதாளத்தில் நாகராஜா இருக்கிறானா? கட்சி என்ன சொல்கிறது?" என்பது கேள்வி.

கட்சி தீர்மானம் போட்டு முடிவு செய்கிற விஷயமல்ல இது. ஆராய்ந்து பார்க்க வேண்டிய விஷயம். ஆகவே இன்று எல்லோரும் சேர்ந்தே ஆராய்வோம்.

முதலில், இடம் எது? அந்த ஆற்றின் பெயர் மீகாங். திபெத் பீடபூமியில் பிறந்து, சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய ஆறு தேசங்கள் வழியாக 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக் கடலில் விழுகிறது. நெடுந்தூரம் அது தாய்லாந்துக்கும் லாவோசுக்கும் எல்லையாக இருக்கிறது. தாய்லாந்துக் கரையில் நோங் காய் என்ற மாகாணம். அதில் போன் பிசாய் என்ற ஊரையொட்டிய கரைகளில்தான் இந்த நெருப்பைப் பார்க்க ஜனங்கள் கூடுகிறார்கள். நாளும் குறிப்பிட்ட நாள்தான். பௌத்த பிட்சுக்கள் மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கி விரதம் இருப்பார்கள். அந்த விரதம் முடிகிற பௌர்ணமி, பெரும்பாலும் அக்டோபர் மாதத்தில் வரும். அன்று இரவுதான் விசேஷம்.

கதை என்ன? புத்தர் தேவலோகம் சென்று தம் தாய்க்கு உபதேசம் செய்துவிட்டு, விரத முடிவில் பூலோகம் திரும்பினாராம். அவரை வரவேற்று மீகாங் அடியில் வசிக்கும் நாகராஜா நெருப்பு உருண்டைகளை ஊதினானாம். அங்கே அவனுக்கு 'பயா நாக்' என்று பெயர். நாகம் என்ற நம் நாட்டுச் சொல்லேதான் பௌத்தத்தோடு கடல் தாண்டிப் போய் 'நாக்' ஆயிற்று. இன்னொரு கதையும் உண்டு. ஒரு நாகம் மனித வேஷத்தில் வந்து பிட்சுவாகச் சேர்ந்ததாம். குட்டு வெளிப்பட்டதும், விலங்குக்குத் துறவு இல்லை என்று புத்தர் மறுத்தாராம். "என் பெயராவது நிலைக்கட்டும்" என்று அது வேண்டிக்கொண்டதாம். அதனால் இன்றும் அந்தத் தேசத்தில் துறவு ஏற்கப் போகிற இளைஞனை 'நாக்' என்றே அழைக்கிறார்கள்.

அழகான கதைகள்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நெருப்புக்கு முன்பு வழங்கிய பெயர் நாகராஜா நெருப்பு அல்ல, பேய் நெருப்பு. நம் பக்கத்தில் கொள்ளிவாய்ப் பிசாசு என்கிறோமே, அதுபோல. பேய் போய் நாகராஜா வந்தான். பயந்து ஓடிய இடத்தில் திருவிழா வந்தது. ஆக, ஜனங்கள் கண்டது ஒரு வெளிச்சம். அதற்கு வைத்த பெயர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. கண்டது வேறு, கண்டதற்குச் சொல்லும் காரணம் வேறு. இந்த வித்தியாசத்தை மனத்தில் வையுங்கள்.

இனி விஞ்ஞானத்தின் பேரால் சொல்லப்படும் காரணங்களுக்கு வருவோம். ஒரு சாரார், ஆற்றடியில் அழுகும் இலை தழைகளிலிருந்து மீத்தேன் வாயு கிளம்பித் தீப்பற்றுகிறது என்கிறார்கள். சதுப்பு நிலத்தில் இந்த வாயு உண்டாவது உண்மை. 1776-ல் இத்தாலியில் வோல்டா என்ற அறிஞர் ஏரிச் சேற்றைக் கிளறி, வந்த குமிழிகளைப் பிடித்து, தீ வைத்து எரித்துக் காட்டினார். ஆனால் தீ வைத்தவர் அவர். மீத்தேன் தானாகப் பற்றாது. காற்றில் நூற்றுக்கு 5 பங்கிலிருந்து 15 பங்குக்குள் கலந்திருந்தால்தான் எரியும். அதற்கும் ஒரு பொறி வேண்டும். எரிந்தாலும் நீலமாக எரியுமே தவிர, சிவப்பு உருண்டையாகத் திரண்டு நெடுந்தூரம் மேலே போகாது. பாஸ்பரஸ் கலந்த சில வாயுக்கள் காற்றுப் பட்டதும் தாமே பற்றும் என்பது மெய்தான். ஆனால் அவை வெள்ளைப் புகை கக்கும். புகையே இல்லை என்றல்லவா பார்த்தவர்கள் சொல்கிறார்கள்! எல்லாவற்றுக்கும் மேலாக, வாயுவுக்குப் பஞ்சாங்கம் தெரியுமா? விரதம் முடிகிற நாள் பார்த்தா அது கிளம்பும்? விஞ்ஞானப் பெயர் சூட்டியதாலேயே ஒரு விளக்கம் விஞ்ஞானமாகிவிடாது, தோழர்களே. அதையும் உரைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணத்தை 2002-ல் பாங்காக்கின் ஐ.டி.வி. தொலைக்காட்சி சொன்னது. அவர்கள் எதிர்க்கரையில், லாவோஸ் பக்கம் போய்ப் படம் எடுத்தார்கள். அங்கே சிப்பாய்கள் வானத்தை நோக்கித் துப்பாக்கி சுடுவது படத்தில் வந்தது. போகிற வழி தெரியும்படி எரிந்துகொண்டே செல்லும் தோட்டா ஒன்று உண்டு. டிரேசர் என்று பெயர். அது சிவப்பாக எரியும். உயரப் போய் அணையும். சத்தம் கேட்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். வெளிச்சமோ கண் இமைக்கும் முன் வந்துவிடும். ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சுட்டால் வெளிச்சம் தெரிந்து மூன்று விநாடி கழித்தே சத்தம் வரும். அதற்குள் இக்கரையில் ஆயிரமாயிரம் தொண்டைகள் ஆரவாரம் செய்திருக்கும்.

இந்த விளக்கம் பலமானது. என்றாலும், எல்லா வருஷத்து வெளிச்சமும் இதேதான் என்று ஓர் இரவுப் படத்தை வைத்துச் சாதிக்க முடியாது. சந்தேகம் தீர என்ன செய்யலாம்? இரண்டு கரையிலும், ஆற்றில் ஒரு படகிலும் ஆட்களை நிறுத்தி, கடிகாரங்களை ஒன்றாக வைத்து, ஒவ்வொரு வெளிச்சமும் எந்த நிமிஷம், எந்தத் திசையில் எழுந்தது என்று எழுதி ஒத்துப் பார்த்தால் போதும். மூன்று பேரின் குறிப்பும் சேர்ந்தால் வெளிச்சம் கிளம்பிய இடம் தெரிந்துவிடும். இதற்கு மகானும் வேண்டாம், மகாபண்டிதரும் வேண்டாம்.

ஆனால் 2002-ல் நடந்தது என்ன? நோங் காய் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். தொலைக்காட்சியைக் கண்டித்துக் கிளர்ச்சி செய்தார்கள். இதைக் கேட்டவுடன் "மூடர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாம் அப்படிச் சொல்லக் கூடாது. அந்த வடகிழக்குச் சீமைக்கு ஈசான் என்று பெயர். தாய்லாந்தின் மிக ஏழைச் சீமைகளில் ஒன்று. அங்கத்திய விவசாயி மகன்தான் பாங்காக் போய்க் கட்டிடம் கட்டுகிறான், வாடகை வண்டி ஓட்டுகிறான், ஆலையில் வேலை செய்கிறான். அவன் பேச்சையும் சாப்பாட்டையும் பட்டணத்துச் சீமான்கள் பல காலமாகக் கேலி செய்து வந்திருக்கிறார்கள். வருஷத்தில் ஒரு நாள் நாடே அவன் ஊர் ஆற்றைப் பார்க்க வருகிறது. அந்த ஒரு நாளையும் பட்டணம் பறிக்க வந்ததாகவே அவன் எண்ணினான். ஏளனத்தோடு வருகிற உண்மையை உழைக்கும் ஜனங்கள் ஏற்பதில்லை. குற்றம் ஏளனம் செய்பவனுடையது.

அதற்காக நம்பிக்கையைத் தடவிக் கொடுத்துக் காசு பார்ப்பவனுக்கும் நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். அன்று இரவு விடுதிகள் நிரம்புகின்றன, வியாபாரம் பெருகுகிறது. மர்மம் விளங்கிவிடக் கூடாது என்பதில் இவர்களுக்கு லாபம் இருக்கிறது.

அந்த ஆற்றங்கரை வேறு நெருப்பையும் கண்டதுண்டு. நோங் காய்க்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் உதோன் தானி. அங்கே அமெரிக்க விமானப்படை தளம் வைத்திருந்தது. 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது அமெரிக்க ஏகாதிபத்தியம் 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளைக் கொட்டியது. வெடிக்காமல் மண்ணில் புதைந்தவை இன்றும் உழவன் மண்வெட்டி பட்டு வெடிக்கின்றன. அந்த நெருப்பில் மர்மம் எதுவும் இல்லை. அதை அனுப்பியவன் யார் என்று உலகத்துக்கே தெரியும்.

இனி முக்கிய விஷயம். ஈசான் ஜனங்களுக்கு ஆராயத் தெரியாதா? கேளுங்கள். மீகாங்கில் வந்து கலக்கும் மூன் என்ற ஆற்றில், உலக வங்கிக் கடனுடன் பாக் மூன் அணையைக் கட்டினார்கள். 1994-ல் முடிந்தது. மீன் ஏறிப் போக ஏணி கட்டியிருக்கிறோம் என்றார்கள். மீன் ஏறவில்லை. அணைக்கு முன் 265 வகை மீன்கள் பதிவாகியிருந்த ஆற்றில், அணைக்குப் பின் மேல்பகுதியில் 96 வகைதான் தென்பட்டன என்று உலக அணைகள் ஆணையம் 2000-ல் எழுதியது. 1997-ல் 'ஏழைகள் பேரவை' பாங்காக்கில் சர்க்கார் மாளிகை முன் 99 நாள் உட்கார்ந்தது. போராட்டம் ஓயவில்லை. கடைசியில் 2001 ஜூனில் மதகுகளைத் திறந்தார்கள்.

அப்போது அந்த மீனவர்கள் வெறுமனே வலை வீசிக்கொண்டிருக்கவில்லை. எந்த மீன் திரும்பி வந்தது, எந்த மடுவில், எந்த மாதத்தில் என்று தாங்களே கணக்கெடுத்தார்கள். ஒவ்வொன்றையும் ஊர்ப் பெயரோடு எழுதிப் படம் பிடித்து வைத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் திரும்பியதைப் பதிவு செய்தார்கள். அதற்கு 'தை பான்' ஆராய்ச்சி என்று பெயர். ஊர்க்காரர் ஆராய்ச்சி என்று பொருள். பட்டம் பெறாத கைகள் செய்த விஞ்ஞானம் அது! பிறகு சர்க்கார் வருஷத்தில் நான்கு மாதம்தான் மதகு திறப்போம் என்று பின்வாங்கியது உண்மை. ஆனால் அந்தக் கணக்கை யாராலும் பொய்யாக்க முடியவில்லை.

இன்று மீகாங்குக்கே ஆபத்து வந்திருக்கிறது. மேலே சீனாவில் பத்துக்கு மேற்பட்ட அணைகள். லாவோசில் சயபுரி அணை 2019 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. அதன் மின்சாரத்தில் பெரும்பகுதி தாய்லாந்துக்கு விற்பனை. அந்த வருஷமே செம்மண் நிறமாக ஓட வேண்டிய ஆறு, வண்டல் இழந்து நீலமாகத் தெளிந்து ஓடியதை நோங் காய் ஜனங்கள் கண்டார்கள். உல்லாசப் பயணிக்கு நீலம் அழகு. மீனவனுக்கும் கரையில் பயிர் செய்பவனுக்கும் அது பஞ்சத்தின் நிறம். எந்தக் கொடியின் கீழ் கட்டப்பட்ட அணையானாலும், கீழே உள்ள உழைப்பாளியைக் கேட்காமல் கட்டினால் அநியாயம் அநியாயமே.

ஆகவே, கேட்ட தோழர்களுக்கு நம் பதில் இதுதான். நாகராஜா இருப்பதற்கு ஆதாரம் இல்லை. வெளிச்சத்தைப் பார்த்தவன் பொய்யன் அல்ல. காரணத்தை அளந்துதான் அறிய வேண்டும். அளக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆலையில் நூலின் எடையைச் சரிபார்த்தவர்கள் நாம். களத்துமேட்டில் கூலி அளக்கும் மரக்கால் குறைந்தால் தட்டிக் கேட்டவர்கள் நாம். நாளை உங்கள் ஊரில் ஓர் அதிசயம் கிளம்பினால் பயப்படவும் வேண்டாம், நம்புகிறவனைப் பரிகசிக்கவும் வேண்டாம். நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். பாருங்கள். மணியையும் திசையையும் நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு உங்களிடமே இருக்கட்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்தாலும், கூலி குறைந்தாலும் அதே நோட்டு வேண்டியிருக்கும்.