மை தொடாத விரல்



மதுரைப் பக்கம் கல்லூரியில் சமூகவியல் பாடம் நடத்திய காலத்தில், மாணவர்களை உசிலம்பட்டி வட்டாரத்துக்குக் கள ஆய்வுக்கு அழைத்துப் போயிருந்தேன். திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டதற்கெல்லாம் கலகலப்பாகப் பதில் சொன்னார். கடைசியில், படிவத்தில் கைநாட்டு வாங்க மாணவன் மைப்பெட்டியைத் திறந்தான். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அதை அங்கிட்டு வையி தம்பி. எனக்கு எழுதத் தெரியும்."

பள்ளிக்கூடம் போகாதவர். தன் பெயரை மட்டும் எழுதப் பழகியிருந்தார். நாலே எழுத்து. பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொன்றாக எழுதி முடித்துவிட்டுச் சொன்னார்: "எங்கய்யாவுக்குப் பத்து விரலையும் உருட்டி எடுத்தாக. நான் ரேகை வைக்கமாட்டேன்."

குற்றத்தை விளக்கும் 'முத்திரைக் கோட்பாடு' என்று ஒன்று உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963-இல் எழுதிய புத்தகத்தால் பேர்பெற்றது. ஒரு செயல் தன்னளவில் குற்றமாவதில்லை. விதி வகுக்கிறவர்கள் ஆள் பார்த்து முத்திரை குத்தும்போதுதான் 'குற்றவாளி' பிறக்கிறான் என்றார் அவர். எனக்கு இது விளங்கியது புத்தகத்தில் இல்லை, அந்தத் திண்ணையில்தான்.

அந்தப் பெரியவரின் சமூகமான பிறமலைக் கள்ளர்கள் ஊர்க்காவல் பார்த்தவர்கள். ஊரார் காவல்கூலி கொடுப்பார்கள். களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லையென்றால் ஈடுகட்ட வேண்டும். போலீஸை வைத்து ஆள வந்த வெள்ளைக்கார அரசுக்கு அதே காவல்கூலி மிரட்டிப் பறிக்கும் பணமாகத் தெரிந்தது. செய்த வேலை மாறவில்லை, அதற்கு வைத்த பெயர்தான் மாறியது. 1871-இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ரேகை கொடுத்தவர் இரவில் ஆஜராக வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். யோசித்துப் பாருங்கள் நேயர்களே, ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது எப்படி? சந்தைக்கு மாடு ஓட்டுவது எப்படி? எவர் வேலை கொடுப்பார்? நேர்வழிகளை அடைத்துவிட்டு, பிறவித் திருடன் என்றார்கள். சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் 1951-இல் சொன்னது இதைத்தான்: முதல் தவறு வேறு, பட்டம் சூட்டிய பிறகு வேறு வழியின்றி அதிலேயே ஊறிப்போவது வேறு.

1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர். ரேகை கொடுக்க மாட்டோம் என்று நின்ற ஊரின் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். திருடியதற்காக அல்ல, அந்தப் பெயரை ஏற்க மறுத்ததற்காக. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் அடைத்துக்கொள்ளும்.

முதல் களவு ஏன் நடக்கிறது என்பதற்கு முத்திரைக் கோட்பாட்டில் பதில் இல்லை. மாட்டுத் திருட்டும், களவு போனதற்குத் துப்புச் சொல்ல வாங்கும் துப்புக்கூலியும் அந்த வட்டாரத்தில் இருந்தவைதான். ஆனால் பிறப்பாலேயே முத்திரை விழுந்த, தொட்டிலில் கிடந்த பிள்ளை என்ன செய்தது?

இங்கே அந்தச் சட்டம் 1947-இல் ஒழிந்தது. நாடு முழுக்க 1952-இல். இன்று அவர்கள் அரசுப் பதிவேட்டில் சீர்மரபினர். பழக்கம் மட்டும் போகவில்லை. வகுப்பில் காசு காணாமல் போனால் யாருடைய பையை முதலில் துழாவுகிறோம்? கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களே, எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளை அப்படி ஒன்று நடந்தால் அந்தப் பையனின் பையைக் கடைசியாகப் பாருங்கள். பார்க்காமலே விட்டாலும் நல்லது.