பாட்டுக் கட்டுகிறவனுக்குச் சாரீரம் வேண்டுமா?

(கலைக்குழுத் தோழர்களின் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

கலைக்குழுக்களில் வேலை செய்கிற தோழர்கள் ஒரு கேள்வியை அடிக்கடி எழுப்புகிறார்கள். பாட்டுக் கட்டுகிறவனுக்கு நல்ல சாரீரம் வேண்டாமா என்பதே அந்தக் கேள்வி. "என் தொண்டை கரகரவென்று இருக்கிறது, எனக்கு எதற்குப் பாட்டு?" என்று ஒதுங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. குழுவுக்கு ஆள் சேர்க்கிறவர்களும் முதலில் குரலைத்தான் சோதிக்கிறார்கள். குரல் தேறவில்லை என்றால், அந்தத் தோழர் மனதில் என்ன பாட்டு வைத்திருக்கிறார் என்று கேட்பதே இல்லை.

இது சின்ன விஷயம் அல்ல. நல்ல குரல் யாருக்கு மிஞ்சுகிறது என்று யோசித்துப் பாருங்கள். புளோரூமிலும் கார்டிங்கிலும் பல வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த தொழிலாளிக்கு இருமலும் மூச்சு இரைப்பும் மிஞ்சுகின்றன. அந்த நோய்க்கு வைத்தியர்கள் பிசினோசிஸ் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ரிங் பிரேம் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவரிடம் கத்திக் கத்திப் பேசியே தொண்டை கட்டிப் போகிறது. சேற்றிலும் வெயிலிலும் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற நடவுப் பெண்ணின் தொண்டையும் அப்படித்தான். குரல் இனிமையாக இருப்பவர்தான் பாட்டுக் கட்டலாம் என்று சட்டம் போட்டால், எவர்களுடைய வாழ்க்கை பாட்டில் வரவேண்டுமோ அவர்களையே வாசலில் நிறுத்தியவர்கள் ஆவோம்.

சரித்திரம் என்ன சொல்கிறது? சில உதாரணங்களைப் பார்ப்போம்.

எழுதியவர் கேட்காத பாட்டு

உலகத் தொழிலாளர்கள் பாடுகிற சர்வதேச கீதத்தை எழுதியவர் யூஜீன் போத்தியே என்ற பிரெஞ்சுக்காரர். 1816-ல் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1871-ல் பாரிஸ் தொழிலாளர்கள் ஆட்சியைக் கையில் எடுத்துக் கம்யூனை நிறுவியபோது அதன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கம்யூன் எழுபத்திரண்டு நாட்கள் நின்றது. மே மாதக் கடைசியில் அதை ரத்த வெள்ளத்தில் மூழ்கடித்தார்கள். தெருவெல்லாம் பிணம் கிடந்த அந்தப் பாரிஸில், தலைமறைவாக இருந்துகொண்டு, 1871 ஜூன் மாதத்தில் போத்தியே அந்தப் பாட்டை எழுதினார்.

பிறகு அவர் இங்கிலாந்துக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போனார். பிரெஞ்சு அரசாங்கம் அவர் இல்லாமலேயே வழக்கு நடத்தி மரண தண்டனை விதித்தது. பொதுமன்னிப்பு வந்தபின் 1880-ல் நாடு திரும்பினார். 1887-ல் வறுமையில் இறந்தார். அதுவரை அந்தப் பாட்டுக்கு இன்றைய மெட்டு வந்திருக்கவில்லை.

அதற்கு இன்றுள்ள மெட்டைப் போட்டவர் பியர் தெகெய்தர். இவர் ஒரு பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை! தாய் தந்தையர் மில் வேலை தேடி பெல்ஜியத்துக்குப் போனவர்கள். குடும்பம் பிரான்சின் லீல் நகரத்துக்குத் திரும்பியதும் பையன் நூல் வேலைக்குப் போனான். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது தொழிலாளர் இரவுப் பள்ளியில். பின்னால் மரவேலை கற்றுக்கொண்டு, தொழிலாளர் பாட்டுக் குழுவிலும் சேர்ந்தார். போத்தியே இறந்த மறு வருஷம், 1888-ல், அவருடைய பாட்டுப் புத்தகத்தை இவரிடம் கொடுத்து மெட்டுப் போடச் சொன்னார்கள். அந்த ஜூலை மாதத்திலேயே, பத்திரிகை விற்பவர்களின் சங்க விழாவில், லீல் நகரத் தொழிலாளர் பாட்டுக் குழு அதை முதன்முதலாகப் பாடியது. அதன் பலனாகத் தெகெய்தருக்கு வேலை போயிற்று.

அந்தப் பாட்டு நாடு நாடாகப் போனது. 1944 வரை சோவியத் நாட்டின் தேசிய கீதமாகவும் இருந்தது. தமிழிலும் நம் மாநாடுகளில் எழுந்து நின்று பாடுகிறோம். போத்தியேயின் குரல் இனிமையானதா, கட்டைக் குரலா என்று யாராவது கேட்டோமா? இந்த மெட்டில் தம் பாட்டை ஒரு தடவைகூடக் கேட்காமல் அவர் போய்ச் சேர்ந்தார். பாட்டு நிற்கிறது.

சுட்டுக் கொல்லப்பட்ட பாட்டாளிக் கவி

அடுத்தவர் ஜோ ஹில். ஸ்வீடன் தேசத்தில் 1879-ல் பிறந்து, 1902-ல் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். ஊர் ஊராகக் கூலி வேலை செய்தார். அங்கே 'உலகத் தொழில்துறைத் தொழிலாளர்' என்ற சங்கத்தில் சேர்ந்தார்.

அந்தச் சங்கத்தார் தெருமுனையில் பேச ஆரம்பித்தால், எதிரே சால்வேஷன் ஆர்மியின் பேண்டு வாத்தியம் தேவ கீதங்களை முழங்கும். பேச்சு காதில் விழாது. சங்கத்தார் என்ன செய்தார்கள்? அந்த மெட்டிலேயே கூலியையும் பசியையும் பற்றிய வார்த்தைகளைப் போட்டுப் பாடினார்கள். எதிரியின் வாத்தியமே பக்க வாத்தியம் ஆகிவிட்டது! 1909 முதல் இந்தப் பாட்டுகளைச் சட்டைப் பையில் அடங்குகிற சின்னப் புத்தகமாகப் போட்டார்கள். அதில் பேர் பெற்ற பாட்டுகள் ஜோ ஹில்லினுடையவை. துண்டுப் பிரசுரத்தை ஒரு தடவைதான் படிப்பார்கள், பாட்டு மனப்பாடமாகித் திரும்பத் திரும்ப வரும் என்பது அவர் கருத்து.

கொலைக் குற்றம் சாட்டி, 1915 நவம்பர் 19-ந் தேதி யூட்டா மாகாணத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சாட்சியம் போதாது என்று பல நாட்டுத் தொழிலாளர்கள் கண்டனம் செய்தார்கள், அரசாங்கம் கேட்கவில்லை. அவர் குரல் எந்த இசைத்தட்டிலும் இல்லை. பாட்டுகளைத் தொழிலாளர்களின் வாய் காப்பாற்றியது.

புழுதியிலிருந்து வந்த குரல்

மூன்றாமவர் வுடி கத்ரி. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1912-ல் பிறந்தவர். 1930-களில் அந்தப் பிரதேசத்தில் மழை பொய்த்தது. மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்தது. கடனில் நிலத்தை இழந்த குடியானவர்கள் மூட்டை முடிச்சுடன் கலிபோர்னியாவுக்குப் போய், பழத் தோட்டங்களிலும் பருத்திக் காடுகளிலும் கூலிகளானார்கள். கத்ரியும் அந்த வழியே போனவர். கூலிகளின் முகாம்களில் பாடினார். 1939-ல் 'பீப்பிள்ஸ் வேர்ல்ட்' என்ற கம்யூனிஸ்டுப் பத்திரிகையில் எழுதினார். புழுதியைப் பற்றிய அவருடைய பாட்டுகள் 1940-ல் இசைத்தட்டாக வந்தன.

அந்தத் தட்டில் உள்ள குரல் வறண்ட குரல், மூக்கால் வருகிற குரல். சங்கீத வித்வான் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் நிலத்தை இழந்தவன் அந்தக் குரலில் தன் சித்தப்பனையும் பக்கத்து வீட்டுக்காரனையும் கேட்டான். வெல்லம் தடவிய குரலில் அதே வார்த்தைகளைப் பாடியிருந்தால் அவன் நம்பியிருப்பானா? பின்னாளில் நரம்பு நோய் வந்து அவரால் பாட முடியாமல், பேசவும் முடியாமல் போயிற்று. 1967-ல் காலமானார். அவர் பாட்டுகளை மற்றவர்கள் எடுத்துப் பாடினார்கள், இன்றும் பாடுகிறார்கள்.

அப்படியானால் நல்ல குரல் வேண்டாமா?

வேண்டும், தோழர்களே! கரகரத்த தொண்டையே ஒரு பெருமை என்று நான் சொல்ல வரவில்லை. மகா பாடகர் பால் ராப்சன் 1960-ல் சிட்னி நகரத்தில் இசை அரங்கம் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மத்தியில் நின்று, ஜோ ஹில்லைப் பற்றிய பாட்டைப் பாடினார். அந்தப் பாட்டை எழுதியவர்கள் வேறு இருவர். கடல் போன்ற அந்தக் குரல் பாட்டுக்குச் சேவை செய்தது.

நம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தைப் பாருங்கள். செங்கப்படுத்தான்காட்டில் 1930-ல் பிறந்தவர். விவசாயிகள் இயக்கத்தில் நின்றவர். 1959-ல், இருபத்தொன்பது வயதில் மறைந்தார். 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில், தம்பிக்குப் புத்தி சொல்லும் அவருடைய பாட்டை டி.எம். சௌந்தரராஜன் பாடினார். ஒருவர் வார்த்தை தந்தார், இன்னொருவர் குரல் தந்தார். தொழிலாளிக்கு இது புரியாத விஷயமா? நூற்பவர் ஒருவர், நெய்பவர் ஒருவர், துணி ஒன்று.

ஆகவே பாட்டுக் கட்டுகிறவருக்கு வேண்டியவை வேறு. முதலாவது, காது. நடவிலும் ஏற்றத்திலும் ஒப்பாரியிலும் ஜனங்கள் வைத்திருக்கிற மெட்டு அவர் காதில் இருக்க வேண்டும். இரண்டாவது, ஜனங்கள் புழங்குகிற சொல். மூன்றாவது, மூச்சுக் கணக்கு. ஊர்வலத்தில் நடந்துகொண்டே பாடுகிறவர் ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாத அடி, எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதியில் அறுந்து போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்கிற விஷயம் உண்மையாக இருக்க வேண்டும். கோஷத்தை அடுக்கி வைத்தால் பாட்டாகாது. நாலணாக் கூலி உயர்வுக்காக நாற்பது நாள் பட்டினி கிடந்தவருக்கு, பட்டினியைப் பற்றிய பொய் வார்த்தை உடனே தெரிந்துவிடும்.

கலைக்குழுக்கள் இனி இப்படிச் செய்து பாருங்கள். ஆள் சேர்க்கும்போது, "பாடத் தெரியுமா?" என்று கேட்பதோடு, "பாட்டுக் கட்டியிருக்கிறீர்களா? உங்கள் அம்மா என்ன பாடுவார்கள்?" என்றும் கேளுங்கள். எழுதத் தெரியாதவர் சொன்னால் தெரிந்தவர் எழுதிக்கொள்ளுங்கள். இருமிக்கொண்டே சொன்னாலும் பொறுமையாகக் கேளுங்கள். நல்ல குரல் உள்ள தோழர் அதைப் பாடட்டும். கட்டியவர் பெயரை மேடையில் சொல்லட்டும். ஷிப்டு முடிந்து வருகிற பத்துப் பேரிடம் அதைப் பாடிக் காட்டுங்கள். மறுநாள் அவர்களில் ஒருவர் காகிதம் இல்லாமல் முணுமுணுத்தால் அது பாட்டு. யாரும் முணுமுணுக்கவில்லை என்றால், திரும்ப உட்கார்ந்து திருத்துங்கள்.

மில் தூசி நம் தோழர்களின் தொண்டையைத் தின்றது போதும். அவர்களுடைய பாட்டையும் சேர்த்துத் தின்ன நாம் விடக் கூடாது.