உறவால் உருவான கொங்குநாடு
(கோவையில் ஆற்றிய உரை)

  

2021ஆம் ஆண்டில், கொங்குநாட்டைத் தமிழ்நாட்டினின்று பிரித்துத் தனி மாநிலமாக்கலாம் என்றொரு பேச்சு எழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பேச்சு அடங்கிவிட்டது, அதற்கு இடந்தந்த எண்ணமோ இன்னும் அடங்கவில்லை. ‘கொங்கு தன் உழைப்பால் தானே உயர்ந்தது, பிறர்க்கு அது கொடுக்கின்றதேயன்றிப் பிறரிடம் பெற்றது யாதுமில்லை’ என்பதே அவ்வெண்ணம். இஃது உண்மைதானா என்று வரலாற்றையே கேட்போம்.

மேற்குமலைத் தொடரில் ஓரிடத்தில் மலை வழிவிட்டிருக்கின்றது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். சேரநாட்டுக் கடற்றுறைகளையும் சோழநாட்டையும் இணைத்த பெருவழி அதன் ஊடாகவே நம் கொங்கிற்குள் நுழைந்தது. அவ்வழியில், நொய்யலாற்றின் கரையில் இருந்தது, பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் கொடுமணல். 1980களில் தொடங்கிய அகழாய்வு அங்கே இரும்புருக்கிய உலைகளையும், மணிகள் செய்த பட்டறைகளையும், தமிழெழுத்துப் பொறித்த பானையோடுகளையும் வெளிக்கொணர்ந்தது. அவ்வோடுகளில் தமிழ்ப்பெயர்களோடு வடபுலப் பெயர்களும் சில உள. வெள்ளலூரிலும் கத்தாங்கண்ணியிலும் உரோம நாட்டுக் காசுகள் புதையலாய்க் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே கொங்கு தன் கதவைத் திறந்து வைத்திருந்தது. வந்தவனால் தமிழ் அழியவில்லை. அவன் பெயரும் நம் எழுத்திலேயே பொறிக்கப்பட்டது. தன் மொழியில் வேரூன்றி நின்ற மாந்தனுக்குப் பிறன் வருகையால் அச்சமில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அடுத்து நீரைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் பவானியாற்று நீரை நொய்யல்வரை கொண்டு சேர்த்தது. ஓராற்றின் மிகுதியை மற்றோராற்றின் குறைவிற்கு ஈந்த உறவு அது. இன்று கோவை பருகும் சிறுவாணி நீர் கேரள எல்லைக்குள் உள்ள அணையினின்று வருகின்றது. பொள்ளாச்சி, உடுமலை வயல்களை நனைக்கும் பரம்பிக்குளம் ஆழியாற்றுத் திட்டமும் 1970இல் கேரளத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்மேல் நிற்கின்றது. கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டத்தை 1956இல் மைசூர் மாநிலத்திற்கு இழந்தோம். அவ்விழப்பை நாம் மறக்கவில்லை. எல்லையுரிமையைக் காப்பது வேறு. அண்டை வீட்டானைப் பகைப்பது வேறு. முன்னது கடமை, பின்னது மடமை.

அரசியல் வரலாறும் இதனையே சொல்கின்றது. தீரன் சின்னமலை ஆங்கிலேயரை எதிர்க்கையில் மைசூர்த் திப்புவோடு உறவு பூண்டார். திப்பு தமிழரல்லர், ஆயினும் எதிரி ஒருவனே என்பதைச் சின்னமலை அறிந்திருந்தார். 1799இல் திப்பு வீழ்ந்தபின்னும் போரைக் கைவிடாது நின்று, 1805இல் சங்ககிரியில் தூக்கிலேறினார்.

பின்பு ஆலைகள் வந்தன. கோவையின் முதற் பஞ்சாலை 1888இல் எழுந்தது. 1932இல் நீலமலையின் பைக்காரா நீர் மின்னாற்றலாய் இறங்கி வரவே, ஆலைகள் பெருகின. கரிசல்மண் பருத்தியைத் தந்தது. மலை மின்னைத் தந்தது. ஊர்ப்புறத்து ஏழைகள் தம் தோளைத் தந்தனர். அத்தோளுக்கு உரிய கூலி கிடைத்ததா? தொழிற்சங்கப் போராட்டத்தினூடே எழுந்த கொலைவழக்கில், சின்னியம்பாளையத் தொழிலாளர் நால்வர் 1946ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ‘தென்னாட்டு மான்செசுட்டர்’ என்று பெருமை பேசும் நா, அந்நால்வரையும் நினைத்தல் வேண்டும்.

மொழிக்கு இடர் வந்த வேளையில் கொங்கு தனித்து நின்றதா? 1965ஆம் ஆண்டு பிப்பிரவரியில் பொள்ளாச்சி மண் துப்பாக்கிச் சூட்டில் குருதி சிந்தியது. மதுரையில் மூண்ட தீயைத் தன் வீட்டுத் தீயாகக் கருதியதனாலன்றோ கொங்கு எழுந்தது? அந்நாளிலேயே, பொள்ளாச்சிப் பகுதியிற் பிறந்த நடுவணமைச்சர் சி. சுப்பிரமணியமும் பதவி விலகல் மடலை அளிக்க நேர்ந்தது. தமிழ்நாட்டினின்று பிரிந்த கொங்கிற்கு அந்த வலிமை ஏது?

இனி, நம் வீட்டிற்குள் வருவோம். உண்மையான இடர் இங்கேதான் இருக்கின்றது.

‘வாங்க’, ‘சொல்லுங்க’, ‘ஏனுங்க’ என்று சொல்லுக்குச் சொல் மதிப்பைச் சேர்த்துப் பேசும் பேச்சு கொங்குப்பேச்சு. சிறு பிள்ளையையும் ‘வாங்க’ என்றழைக்கும் வழக்கம் நமது பெருமை. ஆனால், அந்த ‘ங்க’ எல்லார்க்கும் உரியதாய் இருந்ததா? காட்டில் உழுத பண்ணையாளை, அவன் நரைத்த முதியவனாயினும், ‘வாடா’ என்றழைத்த வாய் எது? தேநீர்க் கடையில் அவனுக்கென்று தனிக் குவளை ஒதுக்கிய கை எது? இந்தியும் ஆங்கிலமும் அதனைச் செய்யவில்லை. தூய தமிழ் பேசிய நாமே செய்தோம்.

2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வடபுலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரப்பப்பட்டன. அஞ்சிய தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். பொய்யைப் பரப்பியவர் பிறரே. ஆயினும், நம் பேச்சிலிருந்த இகழ்ச்சி அப்பொய்க்கு எருவாகவில்லையா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். இந்தியைத் திணிப்பது அதிகாரம். பனியன் ஆலையில் இரவெல்லாம் கண்விழிப்பவன் கூலியாள். அவனுக்குத் தமிழ் கற்பிப்போம். குறைகூலிக்கு அவனை வாங்குவோரைத் தட்டிக் கேட்போம். அவனைப் பகைப்பது அவனைச் சுரண்டுவோர்க்கே துணையாகும்.

நொய்யலை நினையுங்கள். கொடுமணலை வாழ்வித்த அந்த ஆற்றில் திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணை நஞ்சுத் தேக்கமாயிற்று. 2011இல் உயர்நய மன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட நேர்ந்தது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனை மறந்தால் ஆறும் நஞ்சாகும். ஆற்றுக்கு உற்ற இக்கதியே குமுகாயத்திற்கும் உறும்.

ஆகவே அன்பர்களே! இன்று வீடு திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். இதுகாறும் ‘வாடா’ என்றழைத்த ஒருவரை நாளைக் காலையில் ‘வாங்க’ என்றழையுங்கள். தமிழினத்தின் ஒற்றுமை அச்சொல்லிலேயே தொடங்கட்டும்.