காயலில் யாருக்குப் பாடு?

(மயிலாடிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிப்பான்னு நெனச்சு வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்கு ரெண்டு ஊரைப் பத்திப் பேசுதேன்.

நமக்குக் காயல்னா பழையாறு போய்ச் சேருற மணக்குடிக் காயல். நைஜீரியாவில் யோருபா மக்கள் ஏக்கோ என்று அழைக்கும் ஊருக்கு, அங்குள்ள காயலைப் பார்த்து லாகோஸ் என்று பெயர் வைத்தான் போர்த்துக்கீசியன். அடிமைகளைக் கப்பலேற்றிய ஊர். 1851இல் அடிமை வியாபாரத்தை ஒழிக்க வந்தோம் என்று சொல்லிப் பிரிட்டிஷ்காரன் குண்டு போட்டான். 1861இல் ஊரையே எடுத்துக்கொண்டான். ஆப்பிரிக்காக் கதை என்று நாம் உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறோம். சென்னைக்கு வடக்கே பழவேற்காடு இருக்குல்லா, அது யார் கதை?

போர்த்துக்கீசியர் 1502இல் வந்த ஊர். 1613இல் டச்சுக்காரன் கெல்டிரியா கோட்டையைக் கட்டினான். 1690 வரை சோழமண்டலக் கரையில் அதுதான் அவனுக்குத் தலைமையிடம். இப்போது போனால் கல்லறைத் தோட்டத்தைக் காட்டுவார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கிறது. நல்ல வேலைப்பாடு, மயிலாடிக்காரன் கல்வேலையைக் குறை சொல்ல மாட்டான். துணி வியாபாரத்தைப் பற்றியும் பெருமையாகச் சொல்வார்கள். ஆள் வியாபாரத்தைச் சொல்வதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம், படை வந்தபோதெல்லாம், டச்சுக் கம்பெனி இந்தக் கரையில் ஆயிரக்கணக்கில் ஆட்களை வாங்கிப் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பியது. அந்தத் துணிக்கும் இதில் பங்குண்டு. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆள் வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணி முக்கியமானது.

பஞ்சத்தில் முதலில் விலைபோகிறவன் யார்? நிலம் வைத்திருந்தவனா? திருவிதாங்கூரில் 1855 வரை நம்மை விற்கவும் வாங்கவும் சட்டமே இடம் கொடுத்தது. நமக்கு இதை வெள்ளைக்காரன் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, பழைய கதை. இன்றைக்கு?

பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அரசாங்கம் இல்லாமலே வளத்தைப் பேணும் முறை என்று ஆராய்ச்சியாளர்கள் புகழ்கிறார்கள். உண்மைதான். ஆனால் சீட்டில் பேர் வர பட்டினவர் சாதியில் பிறந்திருக்கணும், ஆணாக இருக்கணும், கல்யாணமும் ஆகியிருக்கணும். தலித் மீனவனுக்கு இடமில்லை, கேட்டால் சண்டை. இருளர்கள் சேற்றுத் தண்ணியில் உட்கார்ந்து, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள்.

நான் வங்கியில் கடன் விண்ணப்பம் வாங்குகிறவன். மீன்பிடித் தொழில் என்று எழுதினால் படகு உண்டா, வலை உண்டா என்று கேட்கணும். கை மட்டும் வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

இதற்கிடையில் 330 ஏக்கர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,110 ஏக்கராக்க அதானி கம்பெனி திட்டம் போட்டது. 2021இலும் 2023இலும் அறிவித்த கருத்துக்கேட்பு நடக்கவில்லை. மீனவர்கள் விடாமல் எதிர்க்கிறார்கள். லாகோஸில் மக்கோக்கோ என்று காயலுக்குள் கால் நட்டுக் கட்டிய மீனவர் குடியிருப்பு. 2012இல் 72 மணிநேரம் கெடு கொடுத்து இடித்தார்கள். ஏரி துறைமுகத்துக்குப் போனால் பட்டினவர், தலித், இருளர் எல்லாருக்கும் அதே கதிதான்.

அதனால் அந்தப் போராட்டத்துக்கு நாம் போகத்தான் வேணும். போய், பாட்டில் எங்க பங்கு எங்கேன்னு அதே மேடையில் கேக்கணும். "இப்பம் கேக்காதீங்க, ஒற்றுமை கெட்டுப்போகும்" என்று தோழர்களே சொல்வார்கள். சீட்டில் நம்ம பேரை விட்டபோது கெடாத ஒற்றுமை இப்போ எப்படிக் கெடும்னு நான் கேக்கேன்.

மாணவர்கள் கேள்வி இருந்தா சீக்கிரம் கேளுங்க. நாகர்கோவிலுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்.