இரண்டு சுற்று சுற்றணும் சார்

(காடாம்புலியூரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மேசை மேல் எண்ணெய்ப் பிசுக்கோடு ஓர் இரும்புக் குண்டு இருக்கிறதே, அது என்ன என்று காலையிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பழைய ஆம்னி வேனின் டிஃபரன்ஷியல். காயலான் கடையில் எடைக்கு வாங்கியது. பேருந்தில் கொண்டுவந்தேன், வாத்தியார் என்று நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் போடாமல் விட்டுவிட்டார்.

கணக்குப் பாடத்தைச் செயல்வழியாக நடத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் உங்களுக்கு என்னைவிட அதிகப் பயிற்சி இருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒரு லாரி. அதைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2011 டிசம்பர் 30. இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்த விடியற்காலை. பொழுது விடிந்து பார்த்தால் முந்திரித் தோப்பெல்லாம் படுத்துக் கிடந்தது. தாத்தா வைத்த பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் விழுந்து, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. முந்திரி நட்டால் காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். பலாவுக்கு அதற்கும் மேலே. தோப்புக் கூலியை நம்பியிருந்த வீடுகளில் அடுத்த வாரத்துக்கே வழி தெரியவில்லை.

அந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வேறு ஒரு நெருக்கடியும் இருந்தது. சமச்சீர்க் கல்வி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2011 ஆகஸ்ட் 9. அதற்குப் பிறகுதான் புதிய புத்தகம் பிள்ளைகள் கைக்கு வந்தது. ஏப்ரலில் பொதுத்தேர்வு. நடுவில் புயல். ஜனவரியில் பள்ளி திறந்தபோது என் வகுப்பில் ஆறு இடம் காலி. ஒரு வாரத்தில் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருவன் வரவில்லை. கணக்கில் அரையாண்டில் 19 வாங்கியவன். இந்த நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லாரி பட்டறையில் இருக்கிறான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

போன இடத்தில்தான் அந்த லாரி நின்றது. ராணுவ ஏலத்தில் கழித்த வண்டி. மூன்று நான்கு கை மாறி ஒரு மர வியாபாரியிடம் வந்திருந்தது. ஊரில் எல்லோரும் அதைச் சக்திமான் என்பார்கள். சக்திமான் என்றதும் நம் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சித் தொடர்தான் நினைவுக்கு வரும். அந்தத் தொடர் தொடங்கியது 1997. லாரி அதற்கு மிக மூத்தது. ஜெர்மனியின் மேன் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி, ஜபல்பூரில் 1959 முதல் நம் ராணுவத்துக்காகச் செய்த வண்டி. தொடர் வருவதற்கு முந்தைய ஆண்டே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

சாதாரண லாரிக்குப் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் இழுவை. இதற்கு நான்கு பக்கமும் இழுவை உண்டு. புயலுக்குப் பிறகு தோப்புக்குள் ஈர மண்ணில் சாதாரண லாரி இறங்கினால் புதைந்து போகும். இந்தக் கிழட்டு வண்டிதான் உள்ளே போய் மரத்தை இழுத்து வந்தது. மிருதங்கத்துக்கும் வீணைக்கும் பண்ருட்டிப் பலா மரம் தேடி வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். விழுந்த மரத்துக்காவது நாலு காசு பார்க்கலாம் என்று தோப்புக்காரர்கள் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வண்டி படுத்துவிட்டது. ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் வெறுமனே சுழன்று, திடீரென்று ஒரு வேரைக் கவ்வியிருக்கிறது. அந்த அடியில் பின் டிஃபரன்ஷியலில் கிரவுன் பல் நொறுங்கிவிட்டது.

டிஃபரன்ஷியலின் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஜினிலிருந்து வரும் நீளமான தண்டின் முனையில் ஒரு சிறிய பல்சக்கரம். அது பினியன். அது சுற்றுவது ஒரு பெரிய வட்டப் பல்சக்கரத்தை. அது கிரவுன். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். மாட்டுவண்டிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அச்சு நிற்கும், இரண்டு சக்கரமும் தன்பாட்டுக்குச் சுற்றும். லாரியில் இரண்டையும் இன்ஜின் சுற்ற வேண்டும், ஆனால் வேறு வேறு வேகத்தில் சுற்றவும் விட வேண்டும். அதற்காகக் கிரவுனுக்குள் நாலு குட்டிப் பல்சக்கரங்கள் இருக்கின்றன.

பையன் வண்டியின் கீழே இல்லை. அதை முதலில் பார்த்தேன். வெளியே சாக்கு விரித்து உட்கார்ந்து மண்ணெண்ணெயில் பேரிங் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மேஸ்திரிதான் பேசினார்.

“வாங்க சார். பள்ளிக்கூடத்துக்குப் போகாதன்னு நான் சொல்லல. அவங்க அப்பாதான் கொண்டாந்து விட்டாரு. வண்டிக்கு அடியில மட்டும் அவன விடமாட்டேன். ஜாக்கிய நம்பாத, கட்டைய நம்புன்னு சொல்லித்தான் வச்சிருக்கேன்.”

வண்டியின் கீழே பார்த்தேன். ஜாக்கியோடு நிறுத்தாமல், அச்சுக்கு அடியில் பலாக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருந்தார்கள். மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். மனிதர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பதினைந்து வயதுப் பையன் பள்ளி நேரத்தில் அங்கே இருப்பதை நான் ஏற்க முடியாது. சொன்னேன். “இந்த வண்டி முடியட்டும் சார்” என்றார். அவர் கேட்டது நான்கு நாள்.

அந்த நான்கு நாளும் சாயங்காலம் அங்கே போனேன். பையனைக் கண்காணிக்கப் போனதாக வீட்டில் சொன்னேன். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான்.

கரண்ட் இல்லாததால் எல்லாம் கையால். மூன்று சவுக்குக் கம்பங்களை முக்காலியாகக் கட்டிச் செயின் பிளாக் தொங்கவிட்டார்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து ஆக்சில் ஷாஃப்ட் இரண்டையும் உருவினார்கள். வற்றியிருந்த ஆயிலில் இரும்புத் துகள் வெள்ளிப் பொடிபோல மின்னியது. மொத்த டிஃபரன்ஷியலையும் இறக்கி வைத்தார்கள். அதைத் தலை என்றுதான் சொல்கிறார்கள். கிரவுனையும் பினியனையும் எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டுமாம். தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசிப் பொருத்தி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் ஊளையிடும்.

சென்னையில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து வியாபாரி வேறு ஒரு தலையை வாங்கி வந்தார். “அதே வண்டியோடது, அப்படியே உட்காரும்” என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். போல்ட் துளையெல்லாம் சரியாக இருந்தது. வியாபாரிக்கு அவசரம். மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது பையன், “மேஸ்திரி, பல்லு எண்ணல” என்றான்.

எண்ணினார்கள். எண்கள் மறந்துவிட்டன, நம் கணக்குக்காகப் பழையது 37 பல், 6 பல் என்றும், வந்தது 41 பல், 6 பல் என்றும் வைத்துக்கொள்வோம். சக்கரம் 6 சுற்று ஓடினால் பழைய தலையில் தண்டு 37 சுற்று. புதியதில் 41 சுற்று. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் லாரியானால் பரவாயில்லை, கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். இந்த வண்டியில் முன் தண்டும் பின் தண்டும் ஒரே பெட்டியிலிருந்து புறப்படுகின்றன. முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுத்துவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். முன்பக்கம் 37, பின்பக்கம் 41 என்றால் ஒரு பக்க டயர் வழுக்கியே தீர வேண்டும். மண்ணில் வழுக்கிவிடும், தெரியாது. தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கு ஏறிக்கொண்டே போய் எங்காவது உடையும்.

இது நம் ஊர் வண்டிக்கு மட்டும் வந்த வினை இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லீஸ் ஜீப்பில் 39 பல்லும் 8 பல்லும். போர் முடிந்து பொதுமக்களுக்கு விற்ற ஜீப்பில் 43, 8. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னே ஒன்று, பின்னே ஒன்று மாட்டிவிட்டுத் தவித்தவர்கள் உலகமெங்கும் உண்டு.

“பழசு 37ன்னா முன்னாடியும் 37ன்னு அர்த்தம் இல்ல. நமக்கு முன்னாடி எவனாவது மாத்தியிருப்பான்” என்றார் மேஸ்திரி. சரியான கேள்வி. முன்பக்கத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு நாள் ஆகும். பிரிக்காமல் பார்க்க வழி இருக்கிறது. முன் தண்டைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து தூக்கி, சக்கரத்திலும் தண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டார்கள். சாக்பீஸ் என் சட்டைப்பையில் இருந்தது. சக்கரத்தை நானே சுற்றுகிறேன் என்று முன்னே போனேன். கணக்கு வாத்தியார் அல்லவா!

ஒரு முழுச் சுற்று சுற்றினேன். தண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கொஞ்சம் தாண்டி நின்றது. “மூன்றுக்கு ஒன்று. 37ம் இல்லை, 41ம் இல்லை. இது வேறு ஏதோ சாமான்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். வியாபாரியின் முகம் வெளுத்துவிட்டது.

பையன் மெதுவாகச் சொன்னான்: “சார், இரண்டு சுற்று சுற்றணும் சார்.”

“ஏன்?”

“அந்தப் பக்கச் சக்கரம் தரையில நிக்குது இல்ல சார். அதுக்கும் சேர்த்து நீங்கதான் சுற்றணும்.”

இரண்டாவது சுற்றும் சுற்றினேன். தண்டின் கோடு ஆறு சுற்று முடிந்து சற்றுத் தள்ளி நின்றது. 37ஐ 6ஆல் வகுத்தால் ஆறும் ஆறில் ஒன்றும். 41 ஆக இருந்தால் ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருக்கும். முன்பக்கம் 37தான். வாங்கி வந்த தலை உதவாது.

இரவு சைக்கிளில் வரும்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. ஒரு சக்கரம் 2 சுற்று, இன்னொன்று 0. கிரவுன் சுற்றியது 1. இரண்டும் ஒவ்வொரு சுற்றுச் சுற்றினாலும் கிரவுன் 1. வளைவில் ஒன்று 11, மற்றது 9 என்றால் கிரவுன் 10. எப்போதும் சராசரி. டிஃபரன்ஷியல் என்பது சராசரி கண்டுபிடிக்கும் இயந்திரம். அத்தனை வருடம் சராசரி நடத்தியிருக்கிறேன். கூட்டி வகு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இரும்பில் அதைப் பார்த்தது அன்றுதான். அரையாண்டில் 19 வாங்கியவன் அதைப் பார்த்துவிட்டான். அவனுக்கு அந்த 19ஐப் போட்டது நான்தான்.

மறுநாள் இன்னொன்றும் கவனித்தேன். 37, 6. 41, 6. 39, 8. 43, 8. எல்லாம் சார்பகா எண்கள். ஏன் 36, 6 என்று வைக்கவில்லை? வைத்தால் பினியனின் ஒரு பல், கிரவுனின் அதே ஆறு பற்களோடு மட்டுமே ஆயுள் முழுக்க உரசும். ஒரு பல்லில் பிசிறு இருந்தால் அந்த ஆறும் தேயும். 37க்கும் 6க்கும் மீ.பொ.ம. 222. ஒரு ஜோடிப் பல் மறுபடி சந்திக்க 222 பல் கடக்க வேண்டும்; அதற்குள் ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பக்கத்தின் எல்லாப் பல்லையும் தொட்டுவிடும். தேய்மானம் பங்கிட்டுக்கொள்ளப்படுகிறது. மீ.பொ.ம. எதற்கு சார் என்று கேட்கும் பிள்ளைக்கு, மணி அடிக்கும் கணக்கைத் தவிர எனக்குச் சொல்ல வேறு ஒன்று கிடைத்தது.

வியாபாரிக்குக் கோபம். “மண்ணுலதானே ஓடப்போவுது, மாட்டுப்பா” என்றார். மரம் வாங்க ஆள் வந்து காத்திருந்தது. ஒவ்வொரு நாளும் அவருக்கும் தோப்புக்காரருக்கும் நஷ்டம்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. மேஸ்திரி ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு, “நெய்வேலி ரோட்டுல நடுவுல நின்னா நான் வரமாட்டேன்” என்றார். தலை திரும்பிப் போய், சரியானது வந்து சேர இன்னும் மூன்று நாள் ஆனது. மாட்டுவதற்கு முன் பல்லுக்கு நடுவே ஃபியூஸ் கம்பியை வைத்துச் சுற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தைப் பார்த்து இடைவெளி சரியா என்று சோதித்தார்கள். சிவப்புப் பெயின்ட் தடவிச் சுற்றிப் பல் எங்கே படுகிறது என்று பார்த்தார்கள். பல்லின் நடுவில் பட வேண்டும். ஓரத்தில் பட்டால் பினியனை நகர்த்தித் திரும்பவும் முதலிலிருந்து. மூன்றாம் முறை சரியாக வந்தது. 90 ஆயில் ஊற்றி மூடினார்கள்.

நான்கு நாள் என்றது ஏழானது. பையன் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தான். ஆனால் சனி, ஞாயிறு பட்டறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான். வீட்டுக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது. நான் அதைத் தடுக்கவில்லை. அது சரியா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு கேள்வி உண்டு. இங்கே உள்ள சிலர், தடுத்திருக்க வேண்டும் என்பீர்கள். சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நான் செய்தது, அவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்து கணக்கைத் தொடங்கியது மட்டும்தான். கியர் பாக்ஸில் 6 மடங்கு, அடுத்த பெட்டியில் 2 மடங்கு, டிஃபரன்ஷியலில் 6 மடங்கு, ஆக இன்ஜினின் முறுக்கு சக்கரத்தில் எத்தனை மடங்கு என்று கேட்டால், நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் 72 என்பான். அதையே விகிதம் என்ற தலைப்பில் கேட்டால் விழிப்பான். அந்த இரண்டையும் சேர்க்க எங்களுக்கு மார்ச் மாதம் வரை ஆனது. பொதுத்தேர்வில் கணக்கில் 58. ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான்.

சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டது. இதை மேசையிலேயே விட்டுவைக்கிறேன். ஒருவர் ஒரு பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் மறுபக்கத்தைச் சுற்றுங்கள். பல்லையும் எண்ணி எழுதி வையுங்கள், மதியம் சரிபார்க்கலாம். கை கறுப்பாகும். கீழே பழைய துணி வைத்திருக்கிறேன்.