பயிற்சியாளரின் பட்டியல்

உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் விளையாட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அதிகாலையில் எழுந்து ஓடும் பிள்ளையின் உழைப்பு, கணக்குப் போடும் பிள்ளையின் உழைப்புக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல. அந்த நம்பிக்கையோடுதான், அமெரிக்காவின் பெயர்பெற்ற கல்லூரிகள் விளையாட்டு வீரர்களைச் சேர்க்கும் முறை நியாயமற்றது என்று சொல்லவந்திருக்கிறேன்.

ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. ஆனால் பணத்தைவிடக் கிடைத்தற்கரிய ஒன்றைத் தருகின்றன: இடம். பயிற்சியாளர் தனக்கு வேண்டியவர்களைப் பட்டியலிடுவார். அவர்களுடைய மதிப்பெண்களைச் சேர்க்கை அலுவலகம் முன்கூட்டியே பார்த்துச் சொல்லும். மற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் மார்ச் கடைசிவரை காத்திருக்கும்போது, இவர்களுக்கு அக்டோபரிலேயே 'அநேகமாக இடம் உண்டு' என்ற கடிதம் போய்விடலாம்.

இந்தப் பட்டியலின் பலம், சேர்க்கையில் இனத்தைக் கருதுவதை எதிர்த்து ஹார்வர்டு மீது தொடுக்கப்பட்ட வழக்கு 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் நடந்தபோது வெளிப்பட்டது. பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த வீரர்களில் 100க்கு 86 பேருக்கு இடம் கிடைத்திருந்தது. எந்த முன்னுரிமையும் இல்லாதவர்களில் 100க்குச் சுமார் 6 பேருக்குத்தான் கிடைத்தது. விண்ணப்பித்தவர்களில் ஒரு விழுக்காடுகூட இல்லாத வீரர்கள், இடம்பெற்றவர்களில் பத்து விழுக்காட்டுக்கும் மேல்.

கூடைப்பந்தும் அமெரிக்கக் கால்பந்தும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் சிலரை இந்த வளாகங்களுக்குள் கொண்டுவந்திருக்கின்றன. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் சுமார் 7,000 இளங்கலை மாணவர்களே படிக்கும் ஹார்வர்டில் 42 அணிகள் இருக்கின்றன. ஸ்குவாஷ், வாள்வீச்சு, பாய்மரப் படகு, துடுப்புப் படகு, வாட்டர் போலோ, கோல்ஃப் எல்லாம் அவற்றில் சேர்த்தி. நீச்சல்குளமே இல்லாத பள்ளியில் படிக்கும் பெண் வாட்டர் போலோவை எங்கே போய்க் கற்பாள்? தனிப் பயிற்சியாளருக்குக் கட்டணம் கட்டவேண்டும், வாரக்கடைசிதோறும் ஊர் ஊராகப் போட்டிக்கு அழைத்துப்போகப் பெற்றோருக்கு ஓய்வு வேண்டும். திறமை வெளிப்படுவதற்கே இத்தனை செலவு.

ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் ஆகிய பொருளியலாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வைக் கல்வித் துறையினர் அவசியம் படிக்கவேண்டும். நுழைவுத் தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில், மிகப் பணக்காரர்களான ஒரு விழுக்காட்டினரின் பிள்ளை இக்கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இருப்பதைப்போல் இரு மடங்குக்கும் மேல் என்கிறது அது. சேர்க்கையில் கிடைக்கும் அந்தச் சலுகையில் ஏறக்குறைய கால்பங்கு விளையாட்டு வழியாக வருகிறது.

2019 மார்ச்சில் வெடித்த ஊழலும் இந்தப் பட்டியலைச் சுற்றி நடந்ததுதான். ரிக் சிங்கர் என்ற தரகர் பயிற்சியாளர்கள் சிலருக்குப் பணம் கொடுத்து, அந்த விளையாட்டையே ஆடாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டினார். துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்துப் படமெடுத்தால் போதுமானதாக இருந்தது. அவருக்கு மூன்றரை ஆண்டு சிறை கிடைத்தது. லஞ்சம் வாங்கியவர்களை எல்லோரும் ஏசினார்கள். எனக்கோ வேறொன்று உறுத்துகிறது: பயிற்சியாளர் பெயரெழுதிக் கொடுத்தால் அலுவலகம் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை என்ற உறுதி இருந்ததால்தானே அந்தத் தரகருக்குத் தொழில் நடந்தது?

2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஹார்வர்டின் சேர்க்கையில் இனத்தைக் கருதும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது. அதே வழக்கில் அம்பலமான பயிற்சியாளரின் பட்டியலை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

வேறு வழியில்லை என்பவர்களை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைப் பார்க்கச் சொல்வேன். ஹார்வர்டு இருக்கும் அதே கேம்பிரிட்ஜ் நகரில்தான் அதுவும் இருக்கிறது. அங்கே பயிற்சியாளர் ஒரு மாணவருக்காகப் பரிந்து எழுதலாம். அவர் கையில் ஒதுக்கீட்டு இடம் கிடையாது. அப்படியும் முப்பதுக்கு மேற்பட்ட அணிகளை அந்தக் கழகம் களமிறக்குகிறது. அதன் படகுகளும் ஹார்வர்டின் படகுகளும் பயிற்சிக்கு இறங்குவது ஒரே சார்லஸ் ஆற்றில்.